பிரெஞ்சுக்காரன் கட்டிய மாதா கோயில்

"வெடி! வெடி வைக்கிறாங்க! நவுருங்க!"

சிவப்புக் கொடியோடு ஒருவன் கத்துகிறான். ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதை. அகலப்படுத்துகிறார்கள். பாறைக்கு வெடி. பேருந்து நிற்கிறது. மற்றவர்கள் இறங்கி வேடிக்கை பார்க்கிறார்கள். நான் ஓடுகிறேன். ஒரு செருப்பு கழன்றுவிட்டது. பேருந்துக்கு அடியில் நுழைந்து படுத்துவிட்டேன். முதலில் வயிறு அதிர்கிறது. காதுக்குச் சத்தம் அப்புறம்தான் வருகிறது.

"யக்கா, வெளிய வா. பாறதான்." என் தங்கை காலைப் பிடித்து இழுக்கிறாள். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் தலையில் கல் கூரை விழுந்ததில்லை.

என் பெயர் செல்வி. ஒடுகத்தூர் பக்கம். லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். தெற்கே, எல்லையோரம், ஆலிவ் தோப்புகளுக்கு நடுவில் ஒரு கிராமம். அங்கே நாதியா மேடம் வீட்டில் சமையல், துணி, மேடத்தைக் கைப்பிடித்து நடத்துவது. சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். முட்டி தேய்ந்தவர். வாய்ப் பேச்சில் எனக்குச் சளைத்தவரில்லை. என்னைச் சில்வி என்பார். அது பிரெஞ்சுப் பெயராம்.

சண்டை வந்ததும் ஊரே மாதா கோயிலுக்குள் போனது. பக்கத்து ஊர் முஸ்லிம் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. எல்லோரும் நம்பியது அந்தச் சுவரைத்தான். அவ்வளவு கனம்.

சிலுவைப் போருக்கென்று கடல் தாண்டி வந்த பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. தொள்ளாயிரம் வருஷம் இருக்கும் என்பார் மேடம். ராஜா யாரும் கட்டவில்லை. படையோடு வந்த எவனோ ஒரு கொத்தன், தன் ஊர்க் கோயிலை நினைவில் வைத்தே இங்கே எழுப்பிவிட்டான். பிரான்சில் படித்த காலத்தில் வயல்களுக்கு நடுவே அந்த மாதிரிக் கோயில்களை மேடம் பார்த்திருக்கிறார். அதே குட்டை உடம்பு. அதே கீற்று ஜன்னல். பீடத்துக்குப் பின்னால் அதே அரைவட்டச் சுவர், பாதியாய் அறுத்த குதிர் மாதிரி.

கூரையில் ஒரு மரத்துண்டு கிடையாது. எல்லாம் கல். வளைவு வளைவாகப் போகிறது. கல்லும் கல்லும் சாய்ந்துகொண்டு, சாய்வதாலேயே நிற்கின்றன. உச்சியில் ஒரு ஆப்புக் கல் எல்லாவற்றையும் பூட்டுகிறது. அது போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். போகாது என்றார். பூகம்பத்துக்கே போகவில்லையாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். என்னால் முடியாது. நடப்பேன். பீடம் வரை. திரும்பி வாசல் வரை. மறுபடி பீடம்.

வெள்ளிக்கிழமை. காலை. ரொட்டி பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேலே ட்ரோன் ரீங்காரம். அது எப்போதும் உண்டு. திடீரென்று நின்றது. நின்றால்தான் பயம். நான் பீடத்தருகே. சத்தம் கேட்கவேயில்லை. காற்று என்னைச் சுவரோடு அறைந்தது. ஒரு வளைவு விழுந்தது. அதை நம்பி நின்ற அடுத்தது. அதற்கடுத்தது. அரைவட்டச் சுவர் மட்டும் விழவில்லை. அதனால் நான் இருக்கிறேன்.

புழுதி. இருமல். மேடம் உட்கார்ந்திருந்த தூண் எனக்குத் தெரியும். அங்கே ஓடினேன். பக்கத்து ஊர் ஆமினாவும் அவள் அண்ணன்மாரும் என்னோடு கல் புரட்டினார்கள். ஒருவன் கையை உயர்த்தினான். எல்லோரும் மூச்சை அடக்கினோம். நான் மட்டும் கல்லில் காதை வைத்தேன். "சில்வி." மேடம்தான். அப்புறம் ஏதோ சொன்னார். புரியவில்லை.

"இன்னா? இன்னா?"

அலறினேன். எங்கள் பக்கத்தில் 'என்ன' என்பதற்கு அப்படித்தான். எனக்கு அரபி தெரியும். அடுப்படிக்குப் போதுமான அரபி. ஆனால் அலறும்போது வாயில் வருவது ஊர்ப்பேச்சுதான்.

ஆமினா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். "இன்னா லில்லாஹி…" என்றாள். அண்ணன்மார் மீதியைச் சொல்லி முடித்தார்கள். ஒருவன் என் தலையைத் தொட்டான். எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்கள். அங்கே இடிபாட்டுக்குள் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

சாவுச் சேதி கேட்டதும் முஸ்லிம்கள் சொல்வது அது. அதன் முதல் சொல்லும் 'இன்னா'தான். ஒடுகத்தூரில் பாய்மார் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அந்த நேரம் உறைக்கவில்லை. ஏன் போகிறார்கள் என்றே தெரியவில்லை.

"உசுரோட கீறாங்க! வாங்கய்யா! உசுரோட கீறாங்க!"

தமிழில். லெபனானில். ஒப்பாரி என்று நினைத்துவிட்டார்கள். தனியாகப் புரட்டினேன். நகம் பிய்ந்தது. பெரிய கல் ஒன்று அசையவில்லை. கீழே குரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை. குழந்தையை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆமினா திரும்பி வந்தாள். அப்போதுதான் எனக்கு அரபி வந்தது. சொன்னேன். அவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள். அண்ணன்மார் பாய்ந்து வந்து அந்தக் கல்லைத் தூக்கினார்கள். மேடம் உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

என் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆமினா மேலும் வருத்தமில்லை. அந்தக் குழந்தை பிழைத்தது. என் கோபமெல்லாம் குண்டு போடப் பொத்தானை அழுத்தினானே, அவன் மேல். அவன் கை விளங்காமல் போகட்டும்.

போனவர்களைச் சொல்கிறேன். யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். நாதியா மேடம். கோயில் மணி அடிக்கிற இலியாஸ். ஆமினாவின் மாமியார். ரொட்டி பிட்டுக்கொடுத்த அக்கா தங்கை இருவர். ஐந்து பேர். தொள்ளாயிரம் வருஷக் கூரை. என் இடது காது.

ஒரு சொல். "இன்னாக்கா, டவுன்காரி மாதிரி என்ன என்னன்ற?" என்று தங்கை கேலி செய்கிறாள். சந்தையில், பேருந்தில், இந்த மலை முழுக்க எல்லோர் வாயிலும் அந்தச் சொல் இருக்கிறது. நான் சொல்வதில்லை.

அப்புறம், கல்லுக்கு அடியிலிருந்து மேடம் சொன்னது. அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.