கிதாகாசேயை ஓட விடாத நிஷிமுக்காய் சியெ அம்மையாருக்கு

பனி பொழியும் வடபுலத்தில், ஹமாஹோரோ பந்தயத் திடலில், பதினேழு ஆண்டுகள் ஜாக்கியாகப் பறந்து, இருபத்தாறு ஆண்டுகள் பயிற்சியாளராகப் பரிகளைப் பேணி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைவியே, அஞ்சாமையை அணியாகப் பூண்ட அம்மையே, வணக்கம்.

விழா மலரில் பந்தயச் சங்கத்தார் தங்கள் சேவையை நான்கு வரிகளில் அச்சிட்டிருக்கிறார்கள். நான்காவது வரி: "ஒழுங்கு நடவடிக்கை ஒன்று. ஆறு மாத இடைநீக்கம்." விடைபெறும் நாளிலாவது அவ்வரியை நீக்குமாறு இரண்டு முறை எழுதிக் கேட்டோம். பதிவேட்டில் உள்ளதுதான் மலரில் வரும் என்றார்கள். ஆகவே பதிவேட்டில் இல்லாததை இம்மடலில் எழுதியிருக்கிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சங்கத்தார் பொறுத்திருந்து கேட்கட்டும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வெற்றிகள் கண்ட தாங்கள், இடுப்பெலும்பு முறிந்து சேணத்தைவிட்டு இறங்கியபின், பயிற்சியாளர் உரிமம் பெற்று மீண்டும் வந்தீர்கள். எரு வண்டிகள் போகும் வழியிலிருந்த கடைசி லாயத்தைத் தங்களுக்கு ஒதுக்கினார்கள். "பொம்பளை பழக்குற குதிரை மேல யாரு பணம் கட்டுவா?" என்று உணவுக்கூடத்தில் தங்கள் காதுபடவே சிரித்தார்கள். "குதிரைக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கான்னு கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாங்கள் நூடுல்ஸைத் தொடர்ந்து உண்டீர்கள். அடுத்த கோடையில் அந்தக் கடைசி லாயத்துக் குதிரைகளே முதலில் வந்தன.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இலையுதிர்காலக் கோப்பை நாளின் காலை. சங்கத் தலைவரின் குதிரை கிதாகாசே நம் லாயத்தில் இருந்தான். ஊரே அவனை நம்பியிருந்தது. தாங்கள் அவனது இடது முன்னங்காலைத் தடவிப் பார்த்தீர்கள். தசைநார் சுட்டது; உள்ளே காயம் இருப்பதன் அறிகுறி அது. திடலின் கால்நடை மருத்துவரோ, ஓடத் தகுதியுள்ளது என்று எழுதிக் கொடுத்தார்.

"டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு, இன்னும் என்னம்மா?" என்றார் தலைவர்.

"அந்தக் கால் எழுதிக் குடுக்கலையே ஐயா," என்று சொல்லி, லாயக் கதவை அடைத்துக்கொண்டு நின்றீர்கள். குதிரை வெளியே வரவில்லை.

மறுவாரமே இடைநீக்கம். கிதாகாசே வேறு லாயத்துக்குப் போனான், மறுமாதம் ஓடினான். மூன்றாம் வளைவில் அதே கால் முறிந்தது. ஜாக்கியின் தோளெலும்பும் நொறுங்கியது. உள்ளே வரத் தடை பெற்றிருந்த தாங்கள் வேலிக் கம்பியைப் பற்றி வெளியே நின்றீர்கள். திரை கட்டி மறைத்து அவனுக்குக் கடைசி ஊசி போடப் போனபோது, "யாராவது பக்கத்துல போயி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா, தனியா இருக்கோம்னு நினைக்கப் போறான்," என்றீர்கள். எங்களில் இருவர் ஓடினோம். குதிரை ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததாகச் சங்கத்தார் அறிக்கை எழுதினார்கள். அன்று காய்ந்து கிடந்த திடலில் பறந்த புழுதியோ எங்கள் கண்ணில் விழுந்தது.

திரும்பி வந்த தாங்கள் ஒரு சொல் குறை கூறவில்லை. அப்பொறுமையைப் போற்றுவதே மடல் எழுதுவோர் மரபு. எங்களால் இயலவில்லை. ஓடவிட்டவர் உயர்வு பெற, தடுத்தவர் தண்டனை சுமந்ததை எண்ணினால் இன்றும் எங்களுக்கு வயிறு எரிகிறது. தாங்கள் திரும்பியபின் நம் லாயத்துக் குதிரை ஒன்றுகூடப் பந்தயத்தில் விழவில்லை. அதற்கு மலரில் ஒரு வரி இல்லை.

சென்ற செவ்வாயன்று, ஓய்வுபெற்ற அந்தத் திடல் மருத்துவர் இவாதாதே, நாங்கள் மடல் எழுதுவதைக் கேள்விப்பட்டு லாயத்துக்கு வந்தார். "நானும் தொட்டுப் பார்த்தேன். சுடத்தான் செஞ்சுது. தலைவர் பக்கத்துலயே நின்னாரு, எழுதிட்டேன். இதை அப்படியே சேர்த்துக்கோங்க," என்றார். சேர்த்துவிட்டோம்.

அம்மையே, முறிந்த இடுப்பு இனிவரும் குளிர்களில் வலிக்காதிருக்கட்டும். வெந்நீர் ஊற்றருகே வாங்கிய வீட்டில், வெயில் ஏறும்வரை உறங்கும் வரம் தங்களுக்கு வாய்க்கட்டும். நூறு கடந்தும் நோயின்றி வாழ்வீராக.

இங்ஙனம்,
தங்கள் லாயப் பணியாளர்கள் பதினொருவர்;
தாமே கேட்டுக் கையெழுத்திட்ட
கால்நடை மருத்துவர் இவாதாதே ஷூசோ.