எழுபத்தஞ்சு டிகிரி

ரேணுகா: ...இல்லண்ணே, வச்சுறாதீங்க. ரெண்டே நிமிசம்.

பாண்டித்துரை: மணி என்னன்னு பாத்தியா ரேணு?

ரேணுகா: ஒண்ணு பத்து.

பாண்டித்துரை: மெட்ராஸ்லயும் ஒண்ணு பத்துதேன். ரூம்ல நாலு பேரு தூங்குறாய்ங்க. நாளைக்குப் பரிட்சையா?

ரேணுகா: அரையாண்டு முடிஞ்சுபோச்சு.

பாண்டித்துரை: பெறகென்ன, லவ்வா?

ரேணுகா: போங்கண்ணே.

பாண்டித்துரை: பையன் சிலமலையா, போடியா? அத மட்டும் சொல்லு. மிச்சத்த காலையில பேசுவோம்.

ரேணுகா: அண்ணே... ஒரு கம்ப்யூட்டர் சந்தேகம்.

பாண்டித்துரை: பகல் பூரா ஆபீஸ்ல சர்வர் அலாரத்தப் பாக்குற சோலி. ராத்திரிக்கு நீயா?

ரேணுகா: அந்த மாதிரி அலாரந்தேன். அதுல ஒரு லிமிட்ட ஒருத்தர் மாத்துனா... யாரு மாத்துனதுன்னு உள்ள எழுதியிருக்குமா?

பாண்டித்துரை: ...யாரு கேக்குறது?

ரேணுகா: என் ஃப்ரெண்டு.

பாண்டித்துரை: ஃப்ரெண்டு பேரும் ரேணுகாதானா?

ரேணுகா: சும்மா சொல்லுங்கண்ணே.

பாண்டித்துரை: ஏன் இம்புட்டு மெதுவாப் பேசுற?

ரேணுகா: அம்மா உள்ள தூங்குது. நான் மாடிப்படியில உக்காந்துருக்கேன். எழுதியிருக்குமா, இருக்காதா?

பாண்டித்துரை: இருக்கும். பேரு, தேதி, நேரம் எல்லாம். எந்த அலாரம்? சித்தப்பா ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல தீவாளிக்கு வந்தப்ப வச்சுக் குடுத்தனே, அந்தச் சூட்டு அலாரமா?

ரேணுகா: ம்.

பாண்டித்துரை: அதுல என்ன?

ரேணுகா: நான் லிமிட்ட மாத்திட்டேன்ணே.

பாண்டித்துரை: எழுபத்தஞ்சுக்கா.

ரேணுகா: ஆமா... உங்களுக்கு எப்படி...

பாண்டித்துரை: ஊகந்தேன். ஏன் மாத்துன?

ரேணுகா: தூங்க முடியலண்ணே. நீங்க அம்பத்தெட்டுன்னு வச்சுட்டுப் போயிட்டீங்க. அப்பா அடுப்புக்கு விறகு போடுறப்பெல்லாம் அறுபது வரைக்கும் ஏறுது. பத்து நிமிசத்துல தன்னால எறங்கிருது. அதுக்குள்ள சங்கு ஊதிருது.

பாண்டித்துரை: ஊதுனா சித்தப்பா பட்டன அமுக்கி நிறுத்தணும்ல.

ரேணுகா: கையில விறக வச்சுக்கிட்டு எங்கிட்டு அமுக்குறது? ஒரு நிமிசத்துல அமுக்கலைன்னா கம்ப்யூட்டரு எனக்குப் போனப் போடுது. நான் எடுக்கலைன்னா உங்களுக்கு. பன்னெண்டு மணிக்கு ஒண்ணு, ரெண்டரைக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணு. கெமிஸ்ட்ரி பரிட்சையில உக்காந்து தூங்கிருவேன்னு பயமா இருந்துச்சு. ஒரே ஒரு ராத்திரிக்குன்னுதேன் மாத்துனேன்.

பாண்டித்துரை: திருப்பி மாத்தல.

ரேணுகா: மறந்துட்டேன்... இல்லண்ணே, பொய் சொல்ல மாட்டேன். மறக்கல. நாளைக்கு மாத்துவோம், நாளைக்கு மாத்துவோம்னு இருந்துட்டேன். பன்னெண்டு நாளு. நானும் உங்ககிட்ட மூணு தடவ சொன்னேன்ல, விறகு போடுற சூட்டுக்கு ஊதாம பண்ணிக் குடுங்கன்னு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழமன்னு சொன்னீங்க.

பாண்டித்துரை: சொன்னேன். சரி, விடு. காலையில மாத்திக்கலாம். சித்தப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. தூங்கு போ.

ரேணுகா: இப்ப அறுபத்தொம்பதுல இருக்குண்ணே.

பாண்டித்துரை: எது?

ரேணுகா: ஸ்டோர்ல சூடு. தூக்கம் வரலன்னு போன எடுத்துப் பாத்தேன். அறுபத்தாறு. பெறகு அறுபத்தேழு. எறங்கவே இல்ல. இப்ப அறுபத்தொம்பது.

பாண்டித்துரை: எம்புட்டு நேரமா?

ரேணுகா: முக்கா மணி நேரமா.

பாண்டித்துரை: கழுத, இத மொதல்ல சொல்றதுக்கென்ன? சித்தப்பாவுக்குப் போனப் போட்டியா?

ரேணுகா: ஆறு தடவ போட்டேன். ரிங்கு போகுது. அந்த மலையில டவர் கெடைக்கிறதே வெறகுக் கொட்டாய் ஜன்னல்ல மட்டுந்தேன். போன ஒரு பைல போட்டு அங்கதேன் தொங்கவிட்டுருப்பாரு. அது அடிச்சா அணிலுக்குத்தேன் கேக்கும்.

பாண்டித்துரை: அவரு எங்க படுத்துருப்பாரு?

ரேணுகா: காய் காய்ற ரூமுக்கு மேல பலக போட்டுருக்குல்ல. குளிருக்கு அதுலதேன் சாக்க விரிச்சு...

பாண்டித்துரை: மேலயா?

ரேணுகா: அதுக்குத்தான்ணே பயந்துக்கிட்டு உங்களுக்குப் போட்டேன்.

பாண்டித்துரை: ரூம்ல அறுபத்தொம்பதுன்னா அடியில அடுப்புக் குழாய்ல எம்புட்டு இருக்கும்...

ரேணுகா: போன வருசம் மேட்டுக்கு அங்குட்டு ஒரு ஸ்டோரு எரிஞ்சுச்சுல்ல, அந்தக் கன்னிமார் தோட்டத்துல...

பாண்டித்துரை: அதப் பேசாத. அவரு அரமணிக்கு ஒருக்கா எந்திரிச்சுக் கதவுல உள்ளங்கைய வச்சுப் பாக்குற ஆளுல்ல. இன்னைக்கு என்ன இப்படித் தூங்குறாரு?

ரேணுகா: இப்பெல்லாம் பாக்குறதில்லண்ணே.

பாண்டித்துரை: ஏன்?

ரேணுகா: ஞாயித்துக்கிழம பேசுறப்ப சொன்னாரு. 'உங்கண்ணன் மிசினு இப்ப நல்லாப் பழகிருச்சு ஆத்தா, சும்மா சும்மா கத்துறதில்ல. பெரிய கட்டையா ரெண்டு வச்சுட்டுப் படுத்துர்றேன். சங்குதேன் இருக்குல்ல'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாருண்ணே. நான் ம்னு கேட்டுக்கிட்டேன்.

பாண்டித்துரை: இப்ப எம்புட்டு இருக்கு?

ரேணுகா: எழுபது ஆயிருச்சுண்ணே.

பாண்டித்துரை: இரு, அழுகாத. என் லேப்டாப்பு ஆபீஸ்ல கெடக்கு. உன் போன்லதேன் பண்ணணும். பேசிக்கிட்டே அந்த ஆப்ப தொற. லிமிட்ட அம்பத்தெட்டாக்கு. அந்தானிக்குச் சங்கு ஊதிரும்.

ரேணுகா: ஊதுனா மொதலாளி பங்களாவுக்குக் கேக்குமே.

பாண்டித்துரை: கேக்கட்டும்.

ரேணுகா: மொதலாளி வந்து, ஏன் எழுபதுல ஊதுச்சு, அம்பத்தெட்டுல ஏன் ஊதலன்னு கேப்பாரு. அப்பாவத்தான கேப்பாரு. அதுக்குத்தான்ணே இம்புட்டு நேரமா யோசிச்சுக்கிட்டே...

பாண்டித்துரை: எம்புட்டு நேரமா?

ரேணுகா: உங்களுக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி ஒரு... பத்து நிமிசம். விரல லிமிட்டுக்கு மேலயே வச்சுக்கிட்டு உக்காந்துருந்தேன். யாரு மாத்துனதுன்னு எழுதியிருக்குமோன்னு. என்னைய அடிங்கண்ணே.

பாண்டித்துரை: அடிக்கிறத பொங்கலுக்கு வந்து அடிக்கிறேன். இப்ப மாத்து தாயி, வெரசா.

ரேணுகா: மாத்துறேன்... சுத்திக்கிட்டே இருக்கு... பாஸ்வேர்டு கேக்குது.

பாண்டித்துரை: போடு. பதறாம.

ரேணுகா: தப்புன்னு வருது.

பாண்டித்துரை: மொத எழுத்து பெருசு. சித்தப்பா பேரு, பெறகு நாலு எண்ணு.

ரேணுகா: கன்னையன்... ஆங், உள்ள வந்துருச்சு. அம்பத்தெட்டு போட்டுட்டேன்.

பாண்டித்துரை: அதுக்குக் கீழ ஒரு கட்டத்துல அஞ்சுன்னு இருக்கா?

ரேணுகா: இருக்கு.

பாண்டித்துரை: லிமிட்டத் தாண்டி அஞ்சு நிமிசம் விடாம இருந்தாத்தேன் ஊதும்னு அர்த்தம். அத சைபராக்கு. நம்மால அஞ்சு நிமிசம் காத்துக்கிட்டு இருக்க முடியாது.

ரேணுகா: ஆக்கிட்டேன். சேவ் குடுத்துட்டேன். சுத்துது... சுத்துது... எழுபத்தொண்ணுண்ணே.

பாண்டித்துரை: சுத்தட்டும்.

ரேணுகா: செவப்பாயிருச்சு. பக்கம் பூரா செவப்பாயிருச்சு. 'சங்கு ஆன்'னு வருது.

பாண்டித்துரை: நல்லது. இப்ப ஒரு நிமிசம். அவரு எந்திரிச்சுப் பட்டன அமுக்கலைன்னா உனக்குக் கம்ப்யூட்டர் கால் வரும்.

ரேணுகா: வரக்கூடாது.

பாண்டித்துரை: வராது.

ரேணுகா: இத்தன நாளா அது வரலையேன்னு சந்தோசமாத் தூங்குனேன். இப்பயும் வரக்கூடாதுன்னுதேன் உக்காந்துருக்கேன்...

பாண்டித்துரை: பேசு. ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு. பரிட்சை எப்படி எழுதுன?

ரேணுகா: கெமிஸ்ட்ரி நல்லா எழுதுனேன்.

பாண்டித்துரை: எழுதுவ எழுதுவ. நல்லாத் தூங்குனல்ல.

ரேணுகா: சொல்லாதீங்கண்ணே.

பாண்டித்துரை: ...மன்னிச்சுக்க. வாய் தவறிருச்சு.

ரேணுகா: முப்பது செகண்டு ஆயிருச்சு. எழுபத்திரண்டு.

பாண்டித்துரை: அம்மாவ எழுப்பு.

ரேணுகா: எழுப்பி என்ன சொல்றது? பஸ்சு ஜீப்பு ஒண்ணும் இல்லாத நேரத்துல அது மலைக்கு நடந்தே கெளம்பிரும்.

பாண்டித்துரை: சரி, வேணாம். மொதலாளி நம்பர் இருக்கா? எனக்கு அனுப்பு.

ரேணுகா: அனுப்... அண்ணே, சங்கு ஆஃப்னு வருது. யாரோ பட்டன அமுக்கிட்டாங்க.

பாண்டித்துரை: லைன்லயே இரு. கூப்புடுறாரான்னு பாப்போம்.

ரேணுகா: கால் மணி நேரமாச்சு, இன்னும் கூப்புடலையே... அண்ணே, இன்னொரு கால் வருது.

பாண்டித்துரை: யாரு, சித்தப்பாவா?

ரேணுகா: பாக்க பயமா இருக்கு.

பாண்டித்துரை: பாரு ரேணு.

ரேணுகா: ...அப்பா.

பாண்டித்துரை: எடு. என்னையும் சேத்துப் போடு.

ரேணுகா: அப்பா? அப்பா, பேசுங்க.

கன்னையன்: ஆத்தா... ஆறு தடவ கூப்புட்டுருக்க? வீட்டுல ஒண்ணும் இல்லேல்ல? உங்காத்தா நல்லாருக்குல்ல?

ரேணுகா: நல்லாருக்குப்பா. நீங்க?

கன்னையன்: எனக்கென்ன. சங்கு ஊதுச்சு, எந்திரிச்சேன். கண்ணு எரியுது, இருமலா வருது, வேற ஒண்ணுமில்ல. அடுப்புக்கட்டைய இழுத்து வெளிய போட்டு, கதவ எல்லாம் தொறந்து விட்டாச்சு. நான் படுத்துருந்த சாக்கு ஒரு ஓரம் கருகியிருக்கு, அம்புட்டுத்தேன்.

ரேணுகா: கருகி... தீப்புடிச்சுச்சாப்பா?

கன்னையன்: புடிக்கல. பொகைஞ்சுச்சு. தண்ணிய ஊத்திட்டேன். நீ ஏன் ஆத்தா அழுகுற?

பாண்டித்துரை: சித்தப்பா, நான் பாண்டி பேசுறேன்.

கன்னையன்: அட, மாநாடு நடக்குதா? உன் மிசின் புண்ணியத்துலதேன்டா பேசிக்கிட்டு இருக்கேன்.

பாண்டித்துரை: ...காய் என்னாச்சு சித்தப்பா?

கன்னையன்: மேல் தட்டுக பச்சையா நிக்கிது. அடித்தட்டு நாலும் மஞ்சளடிச்சுப்போச்சு. ஏலத்துக்குக் கொண்டுபோனா கையில அள்ளிப் பாத்துட்டுக் கீழ போட்ருவாய்ங்க.

ரேணுகா: மொதலாளி வந்தாராப்பா?

கன்னையன்: சங்கு அவரையும் எழுப்பிருச்சுல்ல. வந்தாரு. பொட்டியில எழுபத்திரண்டுன்னு காட்டுறதப் பாத்தாரு. இம்புட்டு ஏறுற வரைக்கும் ஊதலையான்னாரு.

ரேணுகா: நீங்க என்ன சொன்னீங்க?

கன்னையன்: மிசினு அப்பவே ஊதிருக்கும், நாந்தேன் கேக்காம தூங்கிட்டேன்னேன். பெறகென்ன சொல்றது? பாண்டி வச்ச மிசினு தப்புப் பண்ணுமா? எனக்குத்தேன் வயசாயிருச்சு போல.

ரேணுகா: அப்பா, அது வந்து...

கன்னையன்: நாளையிலருந்து அடுப்புக்கு வேற ஆளு பாக்குறாராம். பதினெட்டு வருசமா ஒரு தட்டுகூடத் தீஞ்சதில்ல. சரி விடு. காய் பறிக்கப் போனா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்ல. வச்சுர்றேன் ஆத்தா, காய அள்ளிக் கொட்டணும். ஆறு தடவ கூப்புடாத, காசு போகும்.

ரேணுகா: அப்பா... வச்சுட்டாரு.

பாண்டித்துரை: ம்.

ரேணுகா: விடியவும் மொத ஜீப்புல ஏறிப் போயி மொதலாளிகிட்ட நானே சொல்லிர்றேன்ணே. எங்கப்பா தூங்கல, நாந்தேன் தூங்குனேன்னு. மிசினைப் பாத்தா எம்பேருதான இருக்கும்?

பாண்டித்துரை: உம்பேரு இருக்கும்.

ரேணுகா: திட்டட்டும். எங்கப்பாவுக்கு அடுப்ப திருப்பிக் குடுத்தாப் போதும்... அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?

பாண்டித்துரை: கேளு.

ரேணுகா: லிமிட்ட மாத்திட்டேன்னுதேன் சொன்னேன். எழுபத்தஞ்சுன்னு நான் சொல்லவே இல்லையே.

பாண்டித்துரை: ...நீ தனியாப் போக வேணாம் தாயி, நான் காலையில பஸ்சு ஏறி வர்றேன். நீ மாத்துன அன்னைக்கு ராத்திரியே எனக்கு மெயில் வந்துருச்சு, 'அம்பத்தெட்டு எழுபத்தஞ்சாச்சு, மாத்துனது ரேணுகா'ன்னு. படுத்துக்கிட்டே படிச்சுட்டுப் போனக் கவுத்து வச்சேன். நீ எடுக்கலைன்னா அடுத்த போன் எனக்குத்தான வரும்... பன்னெண்டு நாளு நானும் நல்லாத் தூங்குனேன்.