சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

சாம்பிராணிப் புகையில் உலர்த்திய முடியில் நாலு நாள் வாசனை நிற்கும், இன்ஸ்பெக்டர் மேடம். என் மகள் பூமிகாவுக்கு ஏழு வயதிலேயே இடுப்பு வரை முடி. எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, தணல்மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் முடியை விரித்துப் புகை காட்டுவேன். கும்மிடிப்பூண்டியில் எத்தனை அப்பன் இதையெல்லாம் செய்கிறான், சொல்லுங்கள்.

திருவள்ளூர் கோர்ட்டில் பிள்ளையை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அவள் அம்மா காயத்ரியிடம் காட்ட வேண்டும் என்று உத்தரவு. காயத்ரி இருப்பது செவ்வாப்பேட்டையில். மூன்று மணி நேரம்தானே என்பீர்கள். போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்கு "அம்மா ஊட்டுல, அம்மா ஊட்டுல" என்றே பேசுவாள். எனக்கு வயிறு எரியும்.

பதினோரு ஞாயிறு பிள்ளையைக் காட்டவில்லை, உத்தரவை மீறிவிட்டேன் என்று காயத்ரி மனுப் போட்டாள். என் வக்கீல் எபினேசர் மெடிக்கல் சர்டிபிகேட்டுகளைப் புரட்டிவிட்டு, "டூப்பு இல்லியே சார்? மாட்டிக்கினா பேஜாராயிடும்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. கம்பெனியில் பத்து வருஷமாகத் தரம் பார்ப்பவன் நான். அளக்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. பதினொன்றும் அசல். பதினோரு முறையும் பிள்ளைக்கு நிஜமாகவே மூச்சு இரைத்தது. டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுத்தான் எழுதினார். மனு தள்ளுபடியானது.

புகை ஆகவே ஆகாது என்று அதே டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஊதுபத்திகூடக் கூடாதாம். நான் அதை மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

மனு தள்ளுபடியான அன்றைக்குக் கோர்ட் வராண்டாவில் காயத்ரி பிள்ளையின் தலையை முகர்ந்து பார்த்து, "என்னிக்கிடா கண்ணு தலைக்கு ஊத்துனாங்க?" என்றாள்.

"சனிக்கெழம."

காயத்ரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொட்டப் புள்ளைக்கு வெள்ளிக்கெழமதானே. சனிக்கெழம ஆம்பளைங்களுக்குய்யா. இன்னா பண்ணிக்கினுகீற நீ?"

அந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். முதலில் வெள்ளியன்றுதான் குளிப்பாட்டினேன் மேடம். ஆனால் வெள்ளிக்கிழமைப் புகைக்கு இரைப்பு சனியன்றே இறங்கிவிடுகிறது. ஞாயிறு காலையில் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் என்னதான் செய்வது?

போன சனிக்கிழமை சாயங்காலம் மழை. ஜன்னலைச் சாத்தியிருந்தேன். "போதும்ப்பா. நாளிக்கி நான் அம்மாகிட்ட போவலப்பா" என்றாள். சொன்னதைப் புரிந்துகொள்கிற பிள்ளை. ஆனாலும் விடிந்தால் பிள்ளைகளுக்கு மனசு மாறிவிடும். தணலில் இன்னும் ஒரு கரண்டி சாம்பிராணி போட்டேன்.

உதடு நீலம் பாரித்ததும் நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். இப்போது குழாய் வழியாகத்தான் மூச்சு போகிறது. பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர் தரையைப் பார்க்கிறார்.

செய்தது நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவை மீறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள் மேடம். ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்குக் காயத்ரியை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, கண்ணாடி வழியாகப் பிள்ளையைக் காட்டிவிட்டேன். ஐந்தே நிமிஷத்தில் அவளை வெளியே போகச் சொன்னது நர்ஸ்தான்.