கை குடுக்கற நேரம்

ஆடாதீங்க பாஸ்டர், ஊசி கழுத்துல ஏறிடப்போகுது. அங்கியைக் கழட்டிக் குடுங்க தைக்கறேன்னுதான் சொன்னேன், நேரமில்லன்னு நீங்கதான் அவசரப்பட்டீங்க. அதான் போட்ட மேனிக்கே தைக்கறேன். லாண்டரிக்காரின்னா துவைச்சு இஸ்திரி போட்டு மேசையில வச்சிட்டுப் போயிடுவான்னு நினைச்சீங்களா? பட்டன் தொங்கறதைப் பாத்துட்டா எனக்குக் கை சும்மா இருக்காது. நிமிர்ந்து நில்லுங்க. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு.

நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த அறிவிப்பு நெசமா? ஆராதனை நடுவுல சமாதானம் சொல்றப்ப இனிமே பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கை குடுக்க வேண்டாம், தள்ளி நின்னு தலையை ஆட்டினா போதும்னு? ஓ, நெசந்தானா. ஊர் பூரா ஜலதோஷமா? யாரு சொன்ன யோசனை? டாக்டரம்மாவா! அதானே பாத்தேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை, புதுத்துணி எடுத்தா மட்டும் இந்த வாசப்படியை மிதிக்கறவங்க. வாரா வாரம் வர்றவங்க கையைப் பத்தி அவங்களுக்கு என்ன வந்துச்சு? அந்த ரெண்டு தடவையும் கடைசிப் பாட்டுக்குத்தான் வர்றாங்க. நாம கை குடுக்கற நேரத்துல அவங்க காரை நிறுத்த இடம் தேடிக்கிட்டு இருப்பாங்க.

சிரிக்காதீங்க, ஊசி.

இன்னொருத்தர் இருக்காரு, மருந்துக்கடைக்காரர். நீங்க வந்ததுலேருந்து அவரைப் பாத்திருக்க மாட்டீங்க. ஃபோன்லயே ஆராதனை பாத்துடறாராம், அதுதான் வசதியாம். அவர் வீட்டு பெட்ஷீட் எங்கிட்டதானே வெளுக்க வருது, எனக்குத் தெரியாதா வசதி? தலைமாட்டுல காபிக் கறை, ஒரு வாரம் தப்பறதில்ல. நீங்க இங்க எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கன்னு சொல்ற நேரத்துல, அவரு அங்க ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு ஆமென் போட்டுக்கிட்டு இருக்காரு. இதுல ஒருநாள் எனக்கே பாடம் எடுத்தாரு. கடவுள் எங்கயும் இருக்காரும்மா, சர்ச்சுக்குள்ள மட்டுமா இருக்காருன்னு. கடவுள் எங்கயும் இருக்காரு சரி, நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டேன். இருமல் மருந்தை நீட்டிட்டு உள்ள போயிட்டாரு.

வீட்டுல ஜெபம் பண்றது தப்புன்னு நான் சொல்லல. நானும்தான் பண்றேன், இஸ்திரி போட்டுக்கிட்டே. ஆனா வீட்டுல நமக்குத் தோதா பண்ணிக்குவோம் பாஸ்டர். ஆகாதவங்க பேரை நைசா விட்டுட்டு மத்தவங்களுக்கெல்லாம் ஆசீர்வாதம் கேப்போம். யாரு கேக்கப்போறா? இங்க வந்தா அந்த ஜம்பம் பலிக்காது. ஆகாதவ பக்கத்துலயே வந்து உக்காந்திருப்பா. நீங்க பாட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சமாதானம் சொல்லுங்கன்னுடுவீங்க. தப்பிக்க வழியே இல்ல. ஃபோன்ல பாக்கறவரு யாருக்குக் கை குடுப்பாரு, தலைகாணிக்கா?

ஆகாதவன்னு யாரைச் சொல்றேன்னா, எதிர்க்கடைக்காரியைத்தான். ரெண்டாவது பெஞ்சுல என் பக்கத்துல உக்காருவா, நீலக் குடையை மடியில வச்சுக்கிட்டு. ஆமா, அவளும் லாண்டரிதான். என் கடையில நின்னு தொழில் கத்துக்கிட்டவ. ஒருநாள் கல்யாணக் கவுன் ஒண்ணு கருகிப்போச்சு. நீதான்னு அவ, நீதான்னு நானு. அவதான் பாஸ்டர், அதுல சந்தேகமே வேண்டாம். அவ ஒண்ணு சொல்ல நான் நாலு சொல்ல, கோவிச்சுக்கிட்டுப் போயி எதிர்லயே கடையைப் போட்டுட்டா. போர்டு என்னுதை விட ஒரு சாண் பெருசு. அவ இஸ்திரி போட்ட சட்டையைப் பாத்திருக்கீங்களா? காலர் ரெண்டும் ரெண்டு திசையைப் பாக்கும். அன்னையிலேருந்து பேச்சு கிடையாது. ரோட்டுல எதிர்ப்பட்டா அவ அந்தப் பக்கம் திரும்பிக்குவா, நான் இந்தப் பக்கம்.

அப்புறம் எதுக்கு ஒரே பெஞ்சா? வீம்புதான், வேற என்ன. அவ எந்திரிச்சுப் போகட்டும்னு நானு, நான் போகட்டும்னு அவ. ரெண்டு பேரும் நகரல. ஒரு வாரம் வரலைன்னா இடத்தை விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு காய்ச்சலோட கூட வந்து உக்காந்திருக்கேன். அதைப் பக்தின்னு நினைச்சுக்கிட்டு உங்களுக்கு முன்னாடி இருந்த பாஸ்டர் சபைக்கு நடுவுல என்னைப் பாராட்டினாரு. நானும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன்.

ஆனா வீம்புக்கு வந்தாலும் வந்தது வந்ததுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாலும் பாட்டு காதுல விழத்தானே செய்யுது? ஜெபத்துல அந்த மன்னிக்கற வரி வந்தா மட்டும் நான் தொண்டையைச் செருமிக்குவேன். அவளும் அதே இடத்துலதான் செருமுவா, கழுதை.

அவளுக்குக் கை குடுப்பேனாவா? குடுக்காம? ஊரே பாக்குதே, குடுத்துத்தானே ஆகணும். மொதல்ல அவ ரெண்டு விரலை நீட்டினா, செத்த எலியைத் தூக்கற மாதிரி. நானும் ரெண்டு விரல்தான். போகப் போக எப்படியோ அது முழுக்கை ஆச்சு. மூஞ்சியைப் பாக்க மாட்டோம், கையை மட்டும். அவ உள்ளங்கையில ஒரு தழும்பு இருக்கு, என் கடையில இருந்தப்ப இஸ்திரிப் பெட்டி சுட்டது. அன்னைக்கு நான்தான் மருந்து போட்டேன். வாரா வாரம் அது என் விரல்ல தட்டுப்படும்.

தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. அவ்வளவுதான், இன்னும் ரெண்டு தையல்.

அந்தக் கை இப்ப கொஞ்ச நாளா சரியில்ல பாஸ்டர். மோதிரம் லூசா சுத்துது. எலும்புதான் தட்டுப்படுது. கடை பாதி நாள் பூட்டியே கிடக்கு. யாருகிட்டயும் வாயைத் திறக்க மாட்டா, அழுத்தக்காரி. நான் எப்படிக் கேக்கறது, பேச்சுதான் இல்லையே. போன வாரம் நீங்க சமாதானம் சொல்லுங்கன்னீங்க, கையைக் குடுத்தேன். பாட்டு ஆரம்பிச்சுது, எல்லாரும் உக்காந்தாங்க. அவ கையை விடல. பாட்டு முடியற வரைக்கும் விடல. என் பக்கம் திரும்பவும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு பாஸ்டர். நீங்க என்னடான்னா இன்னைக்குத் தலையை ஆட்டச் சொல்றீங்க.

யாரா? நான்தான் சொன்னேனே, எதிர்க்கடைக்காரின்னு. நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்கு எங்க தெரியும். அந்தப் பெஞ்சுல அவ அப்பாதான் எப்பவும் உக்காருவாரு. எங்க அப்பாவும் அதுலதான். ஒரே ஆளுதான் பாஸ்டர். அவ என் தங்கச்சி.

அட, ஆடாதீங்கன்னா! நூலைக் கடிச்சு விட்டா முடிஞ்சுது. மணி அடிச்சாச்சு, போங்க. ஜலதோஷத்தைப் பத்திச் சொல்லுங்க, வேணாங்கல, மூக்கு ஒழுகறவங்க மட்டும் தலையை ஆட்டிக்கட்டும். மத்தவங்களைக் கை குடுக்கச் சொல்லுங்க. நல்லா சத்தமா சொல்லுங்க, அவளுக்கு ஒரு காது மந்தம். கேக்கலைன்னு சாக்கு சொல்லிக் கையை இழுத்துக்கிட்டான்னா, நான் வேற எங்க போயி அதைப் பிடிக்கறது?