தேடி வருகிறவருக்கு நிறம் தெரியும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி அம்மையார் அவர்களே! ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டு விழா என்றால் முதல் வரிசையைப் பிடித்துவிடும் பெரியோர்களே! பணி முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே! நாங்கள் நடக்கும் தரையை நாள்தோறும் கண்ணாடியாக்கித் தரும் தாய்மார்களே! வாயிற்காவலர்களே, வண்டி ஓட்டுநர்களே, பசியோடு இருந்தாலும் பண்போடு அமர்ந்திருக்கும் பதிவுக்கூடத்துப் பட்டாளமே! உங்கள் அனைவருக்கும் மூன்றாம் எண் கவுண்டரின் மனம் நிறைந்த வணக்கம்.

‘அலுவலக உடையும் அவரவர் அழகும்’ என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே கறுப்புக் கால்சட்டை என்று போட்டுவந்தவன் நான். ஆனாலும் பேசுவேன். ஏன் தெரியுமா? இந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தவன். தவறு செய்தவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

எங்கள் இரண்டாம் எண் கவுண்டரில் ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கு இந்தக் கட்டடம் வைத்த பெயர் ‘மஞ்சள் அக்கா’. எலுமிச்சை மஞ்சள், கடுகு மஞ்சள், பூசணிப்பூ மஞ்சள் என்று நாளுக்கொரு மஞ்சள். அதோ, ஐந்தாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரேதான். அக்கா, நிமிருங்கள். இன்று உங்களை நான் விடப்போவதில்லை.

மஞ்சள் அழகு. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த நாட்களில் அந்த மஞ்சளுக்கு மடிப்பு கிடையாது, இஸ்திரி கிடையாது. தையல் விட்ட இடத்தில் ஊக்கு இருக்கும். கையில் மைக்கறை இருக்கும். அக்கா வருவதற்கு முன்னால் செருப்புச் சத்தம் வரும்.

நம் அம்மையார் இங்கே பொறுப்பேற்ற முதல் வாரம் பதிவுக்கூடத்துக்கு வந்தார். ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, எந்த நோயாளியோடு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்றார் அக்கா. கூடமே சிரித்தது. அதில் உரக்கச் சிரித்தவன் நான். சிரித்ததோடு நிறுத்தினேனா? ‘சிலர் வீட்டு உடையிலேயே வேலைக்கு வருகிறார்கள்’ என்று ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல் ஆலோசனைப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, கருநீலக் கோட்டு. அக்காவுக்குக் கிடைத்த கோட்டு இரண்டு பேருக்குப் போதும். தோள் சரிந்து, கை விரலை மூடி நின்றது. அக்கா கையை மடித்துவிட்டுக்கொண்டு படிவம் நிரப்பினார். நானோ, கூடம் இப்போதுதான் அலுவலகம் போல இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

கோட்டு வந்த இரண்டாம் நாள் காலை. என் கவுண்டர் முன்னால் ஒருவர் நின்றார். சந்தையில் மூட்டை தூக்குகிறவர். வாரம் மூன்று முறை மனைவியைச் சிறுநீரகச் சிகிச்சைக்குக் கூட்டி வருபவர். “சார், மஞ்சள் போட்ட அம்மா இருப்பாங்களே, இன்னைக்கு வரலையா?” என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில்தான் அக்கா, கூட்டத்தின் இரைச்சலில் எதுவும் காதில் விழாமல், முகம் தெரியாதபடி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். நான் தலையைத் தூக்கினேனா? இல்லை. திரும்பிப் பார்த்தேனா? இல்லை. “அப்படி யாரும் இங்க இல்லை” என்றேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய படிவத்தை ஒவ்வொரு முறையும் அக்காதான் நிரப்புவார். அவர் முதன்முதலில் வந்த நாளிலேயே வாயிற்காவலர் ‘மஞ்சள் துணி அம்மாவிடம் போங்கள்’ என்று கை காட்டியிருந்தார். அன்று பார்த்தால் நான்கு கவுண்டரிலும் நான்கு நீலக் கோட்டு. எவரைக் கேட்பது என்று தெரியாமல், மனைவியோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். சிகிச்சைக்கான முறை போய்விட்டது. அவர் மனைவி மயங்கிச் சரிந்தார்.

சத்தம் கேட்டு நிமிர்ந்த அக்கா, மேசையைச் சுற்றிவரப் பொறுமையில்லாமல் கவுண்டர்த் தடுப்பின் கதவை இடித்துத் திறந்துகொண்டு ஓடினார். சக்கர நாற்காலியை அவரே தள்ளினார். மருத்துவரிடம் அவரே மன்றாடினார். அன்று மாலைக்குள் சிகிச்சை நடந்தது. அந்த அம்மா கண் விழித்தார். நல்லவேளை. ஆனால் அந்த மனிதர் அக்காவிடம் சொன்ன ஒரு வரி இருக்கிறதே, அது இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை. “நீங்க வேலையை விட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்மா.”

மூன்று அடி தூரத்தில் இருந்தவரை இல்லாதவர் ஆக்கியது எது? கோட்டா? இல்லை தோழர்களே, என் நாக்கு.

மறுநாள் அக்கா அரை நாள் விடுப்பு எடுத்தார். அடுத்த வாரத் தொடக்கத்தில் அவர் கூடத்துக்குள் வந்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். அதே நீலக் கோட்டுதான். ஆனால் தோளுக்கு அளவாக வெட்டி, இடுப்புக்கு இசைவாகப் பிடித்து, இஸ்திரி போட்டு நிறுத்தியிருந்தார் தையல்காரர். வாரிய தலை, வெளுத்த சட்டை, பளபளக்கும் காலணி. கழுத்திலே ஒரு மஞ்சள் ஸ்கார்ஃப்! மழைநாளில் திடீரென்று வெயில் அடித்தது போல ஒரு மஞ்சள்!

பத்து நிமிடத்தில் அம்மையார் அறையிலிருந்து அழைப்பு. நானும் பின்னால் போனேன். அந்தச் சீட்டை எழுதியது நான்தான், அந்த மனிதரைத் திருப்பி அனுப்பியதும் நான்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கார்ஃப் உத்தரவில் இல்லையே என்றார் அம்மையார். அக்கா அமைதியாகச் சொன்னார்: “கோட்டு போடச் சொன்னீங்க, போட்டிருக்கேன் மேடம். முன்னாடி நான் கசங்கிப்போய் வந்தது தப்புதான், திருத்திக்கிட்டேன். ஆனா என்னைத் தேடி வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நிறம் தெரியும்.”

அம்மையார் அக்காவைச் சற்றுத் திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு கேட்டார்: “இந்தக் கோட்டை யார் தைச்சாங்க? என்னோடதும் தோள்ல நிக்கவே மாட்டேங்குது.”

சிரிக்கிறார் பாருங்கள் தலைவர்! அன்றும் இப்படித்தான் சிரித்தார். அன்று மாலையே உத்தரவு திருத்தப்பட்டது. கோட்டு எல்லோருக்கும் பொது. அளவெடுத்துத் தைப்பது மருத்துவமனையின் பொறுப்பு. அதோடு அவரவர்க்குப் பிடித்த ஒரு நிறம் அவரவர் உரிமை. நான் பச்சை டை கட்டினேன். மூன்றாவது வாரம், கையில் குழந்தையோடு ஒரு தாய் நேராக என் முன்னால் வந்து நின்றார். “பச்சை டை சார் நல்லாப் பேசுவாருன்னு சொன்னாங்க, நீங்கதானே?” என்றார்.

பதினோரு ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடி ஒருவர் வந்தது அன்றுதான். எழுந்து நின்று அவருடைய படிவத்தை வாங்கினேன்.

ஆகவே, என் அருமை நண்பர்களே! நன்றாக உடுத்துங்கள், எதிரே நிற்பவருக்கு நாம் தரும் முதல் மரியாதை அது. நீங்களாக உடுத்துங்கள், ஆயிரம் பேர் நடுவே உங்களைத் தேடுகிறவருக்கு நீங்கள் காட்டும் முகம் அது. மடிப்புக் கலையாமல் இருங்கள், மனிதராகவும் இருங்கள். யாராவது வந்து கேட்டால், தயவுசெய்து தலையைத் தூக்கிப் பாருங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண் துடைத்துக்கொள்ளும் தாய்மாருக்கும், மேடை தந்த தலைவருக்கும், என்னை மன்னித்தாரா என்று இன்னும் சொல்லாத என் அக்காவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.