அணஞ்சியும் ஆனைக்கசத்து வாளையும்

பாலமெல்லாம் வாரதுக்கு முந்தி, ஆத்தைத் தாண்டணும்னா வேட்டியத் தலையில சுத்திக்கிட்டு நீந்தித்தான் போகணும்னு இருந்த காலத்துல, நம்ம வேம்படிக்குறிச்சியில அணஞ்சின்னு ஒரு பொம்பள இருந்தாளாம். நடுவுல பேசாதீக, சொல்லிட்டேன். நான் அவளப் பாக்கல. எனக்குச் சொன்னவுகளும் பாக்கல. ஆனா பாத்தவுக மாதிரி சொன்னாக. நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

அணஞ்சி புருசன் பேரு ஒய்யவந்தான். நல்ல உழைப்பாளி. ஆனா கோவம் மூக்குக்கு மேல நிக்கும். அவளும் லேசுப்பட்டவ இல்ல, அவன் ஒண்ணு சொன்னா இவ ஒம்பது சொல்லுவா. பிள்ளகுட்டி கெடையாது. வீட்டுல இருந்தது ரெண்டே ஆளு, சத்தம் மட்டும் இருவது ஆளு சத்தம்.

ஒருநா மத்தியானம் புளிக்குழம்புல உப்பு கூடிப் போச்சாம்.

"ஏளா, குழம்பு வச்சிருக்கியா, உப்பளத்தைக் கரைச்சு வச்சிருக்கியா?"

"பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போரும். ஆனைக்கசத்துல போயி விழும். நானாவது நிம்மதியா இருப்பேன்."

அம்புட்டுத்தான் பேச்சு. பிசைஞ்ச சோத்தை அப்படியே விட்டுட்டு, கையைக்கூடக் கழுவாம எந்திரிச்சான். போனான். போனவன் போனவன்தான்.

பொழுது சாயுத நேரத்துல பூதத்தான் ஓடியாந்தான். பூதத்தான்னா யாரு, ஒய்யவந்தானுக்குப் பக்கத்து வயக்காரன். "மயினி, அண்ணாச்சி துண்டும் செருப்பும் கசத்தங்கரையில கெடக்கு, ஆளக் காணும்"னு சொல்லிட்டு மூச்சு வாங்குதான்.

கசம்னா ஆத்துல ஆழமான கெடங்கு. ஆறு வளையுத எடத்துல, பாறைக்கு அடியில, எட்டாளு மட்டம் இருக்கும்பாக. கோடையிலயும் வத்தாது. அதுக்குள்ள ஒரு வாளை மீனு கெடந்துச்சு. ஆளு நீளம். வாயத் தொறந்தா நாய்க்குட்டி உள்ள போயிரும். போயிருக்கு, பாத்திருக்காக. மூணு நாளு முங்கித் தேடிப் பாத்தாக. ஒண்ணும் ஆப்பிடல. அந்தானைக்கு ஊரு முடிவு கட்டிருச்சு, வாளை முழுங்கிருச்சுன்னு.

பதினாறாம் நாளு பெரிய பொம்பளைக நாலு பேரு வீட்டுக்கு வந்தாக. எதுக்கு வந்தாகன்னு சொல்ல வேண்டியதில்ல. அணஞ்சி வாசலை மறிச்சு நின்னா.

"எங்க அவுக? காட்டுங்க. அவுக இடுப்புல வெள்ளி அரைஞாண் கெடந்துது, நான்தான் முடிச்சுப் போட்டு விட்டேன். மீனு சதையத் திங்கும், வெள்ளியத் திங்குமா? அந்த மீனைப் பிடிப்பேன். வயித்தை வகுந்து பாப்பேன். அரைஞாண் கெடந்தா நானே தாலியக் கழத்திருதேன். அதுவரைக்கும் எவளும் எங்கழுத்துப் பக்கம் கையக் கொண்டுவராதீக."

வந்தவுக திரும்பிட்டாக. போற வழியில ஒருத்தி, "வயித்துல இல்லன்னா?"ன்னு கேட்டாளாம். சொல்ல என்ன இருக்கு? அரைஞாண் கெடந்தா, அவ வாய்ச்சொல்லு அவனைக் கொன்னுருச்சு. கெடக்கலன்னா, அவன் அவள வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டான். ரெண்டுல எது தேவலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மறுநாளே தூண்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. தவளையக் கோத்துப் போட்டா, வாளை சீந்தல. கோழிக்கொடலு போட்டா, சீந்தல. உசிரோட கெண்டையக் கோத்துப் போட்டா, கெண்டை நீஞ்சி நீஞ்சித் தானாச் செத்துது. ஒரு வருசம் இப்படியே போச்சு.

அடுத்த கோடையில ஒரு எருமை தண்ணியில எறங்கி நின்னுச்சாம். வால விசிறி விசிறித் தண்ணியில அடிச்சுக்கிட்டு நிக்குது. தொபுக்குன்னு ஒரு சத்தம். எருமை ங்ஙான்னு கத்திக்கிட்டுக் கரையேறி ஓடுது, வால் குஞ்சத்துல பாதியக் காணும். கரையில நின்னவன் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சான். அணஞ்சி மட்டும் சிரிக்கல. தவளையக் கண்டும் வாயத் தொறக்காத மீனு, மயிருக்கு வந்துருக்கே! அவ மனசு அங்கனதான் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

மீதி வால் மயிரை அறுத்துட்டு வந்து தூண்டி முள்ளுல கட்டுனா. நல்லாத் தடியா, வெளக்குமாறு மாதிரி. போட்டா. கட்டை மாதிரி மெதந்துச்சு. மாசக்கணக்கா மெதந்துச்சு.

அப்பத்தான் சேவுகன் கீதாரி வந்தாரு. வருசத்துக்கு ஒருக்க ராமநாதபுரத்துச் சீமையில இருந்து கெடை போட ஆட்டை ஓட்டிட்டு வார மனுசன். ஊருல அவகிட்ட நின்னு பேசுத ஆளு அவரு ஒருத்தருதான். அவ தூண்டிய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாராம்.

"என்ன தாயி இது? இம்புட்டு மயிரை அப்புனா தண்ணி எங்கிட்டு நுழையும்? தண்ணி உள்ள போயி வந்தாத்தான் அது மூச்சு விடும். எருமை மயிரு கம்பி, வளையாது. வெள்ளாட்டு வாலுல இருக்கு பாரு, இதைப் போடு. கொஞ்சமாப் போடு. இன்னும் கொஞ்சம் எடு. இன்னும் எடு. ஆங், இப்பக் கட்டு."

வெள்ளாட்டு வால் மயிரை நுனி கலையாம முள்ளைச் சுத்திப் பரத்தி, நூலால இறுக்கி, நூலு மேல தேன்மெழுகு தடவி, கழுத்துல செகப்பு நூலு நாலு சுத்து, மீனு செவுளு மாதிரி. அதுக்கு முன்னால பித்தளைத் தகடு ஒண்ணு, நகம் பெருசுக்கு, இழுத்தாச் சுத்துத மாதிரி. பல்லுக்கு அறுபடாம இருக்க ஒரு சாண் கம்பி. தண்ணியில விட்டு இழுத்தா மயிரு ஒடுங்கும். நிறுத்துனா விரியும். இழுத்தா ஒடுங்கும், நிறுத்துனா விரியும். உசிரு இல்லாத சாமான் உசிரு வந்த மாதிரி மூச்சு விட்டுதாம். அணஞ்சி அதைப் பாத்துட்டு அழுதாளாம். எதுக்கு அழுதான்னு கீதாரி கேக்கல. நல்ல மனுசன்.

அன்னைக்குப் போட்டா. வாளை வந்துச்சு! அடியில இருந்து கருப்பா எழும்பி, மயிரு பின்னாலயே கரை வரைக்கும் வந்துச்சு. காலடியில நின்னு, அவளப் பாத்துச்சு. திரும்பிப் போயிருச்சு.

மறுநாளும் வந்துச்சு, பாத்துச்சு, போயிருச்சு. அப்புறம் ஒரு மாசம் வரல. பொறவு வந்துச்சு, பாத்துச்சு, போயிருச்சு. ஆயிரம் வீச்சுக்கு ஒரு தடவ வரும். சில சமயம் வாயால கவ்வும், கயிறு அறும், மயிரும் முள்ளும் அதோட போயிரும். அவ உக்காந்து இன்னொண்ணு கட்டுவா.

அந்த வருசங்கள எப்படிச் சொல்ல? கல்யாண வீட்டுல அவளக் கூப்பிட மாட்டாக. கூப்பிட்டா எந்த வரிசையில உக்கார வைக்க? தாலி இருக்கு, புருசன் இல்ல. தாலி அறுத்தவுக வரிசையிலயும் சேராது. கூப்பிட்டுச் சங்கடப்படுததுக்குக் கூப்பிடாம இருக்கலாம்னு விட்டுட்டாக. கருக்கல்ல எந்திரிச்சு வயலுக்குப் போவா, திரும்பி வந்து கஞ்சி குடிப்பா, பாறைக்குப் போயிருவா. பேச ஆளில்லாம மீனுகிட்டப் பேசுவாளாம். "ஏல, வா. இன்னைக்கு என்ன, மொகத்தக்கூடக் காட்ட மாட்டேங்க?" சண்டை போட ஒரு ஆளு இருந்தாப் போதும்னு அவளுக்கு இருந்துருக்கும். எனக்கு அப்படித்தான் தோணுது.

ஒரு வருசம் கீதாரி வரல, ஆட்டுக்கு நோவு. மயிரு தீந்து போச்சு. அவ தன் தலையில இருந்ததை அறுத்தா. நீளச் சடையோட ஆத்துக்குப் போனவ, குட்டைமுடியோட வந்தா. "அப்பாடா, இப்பவாவது புருசன் செத்ததை ஒத்துக்கிட்டாளே"ன்னு பொம்பளைக பெருமூச்சு விட்டாக. மறுநாளு பாத்தா அது தூண்டியில கெடக்கு.

ஏழாம் வருசம், ஆறு சுண்டிப் போன வைகாசியில, பட்டப்பகல். மயிரு கரைக்கு வந்துச்சு, வாளை பின்னால வந்துச்சு. நின்னு பாத்துச்சு. எப்பவும் அந்த நேரத்துல அவ தூண்டியத் தூக்கிருவா. அன்னைக்குத் தூக்கல. கழியைத் தண்ணிக்குள்ள அமுக்கி, காலடியிலேயே ஒரு வட்டம் சுத்துனா. இன்னொரு வட்டம். மூணாவது வட்டத்துல ஆறு வெடிச்ச மாதிரி தண்ணி எழும்புச்சாம்.

கயிறு கையை அறுத்துருச்சு. விடல. இடுப்பளவு தண்ணிக்கு இழுத்துருச்சு. விடல. சத்தம் கேட்டு ஊரு ஓடி வாரதுக்குள்ள, மீனைப் பாறை மேல ஏத்திட்டு, அது பக்கத்துலேயே கெடந்தாளாம். எந்திரிச்சா. ஒரு ஆம்பள கத்தியோட முன்னால வந்தான். "தள்ளு, நான்தான்"னுட்டா.

வகுந்தா. எல்லாரும் கழுத்தை நீட்டிப் பாக்காக. செரிச்சும் செரிக்காம ரெண்டு கெண்டை, ஒரு நண்டு ஓடு. கையை உள்ள விட்டுத் துழாவுதா. ஒவ்வொண்ணா எடுத்து வெயில்ல வைக்கா. மயிரு. எருமை மயிரு ஒரு கத்தை. வெள்ளாட்டு மயிரு, செகப்பு நூலோட, பித்தளைத் தகட்டோட. இன்னொண்ணு, இன்னொண்ணு. அப்புறம் அவ தலைமயிரு, மெழுகு போட்ட எடத்துல அப்படியே இறுக்கமா. ஏழு வருசமா அவ போட்டது எல்லாம் உள்ள இருக்கு. அரைஞாண் இல்ல. எலும்பு இல்ல. ஒய்யவந்தான் இல்ல.

ஒரு பெரியவரு மெதுவா, "தாயி, மனசத் தேத்திக்கோ. அவன் எங்கயோ போயிட்டான்"ன்னாராம்.

அணஞ்சி கையைக் கழுவுனா. நிமுந்தா.

"இது அந்த மீனு இல்ல. அது கசத்துக்குள்ள இருக்கு."

மீனைக் கூறு போட்டு ஊருக்குக் குடுத்துட்டா. ஊரு மூக்கு முட்டத் தின்னுச்சு, நம்ம ஆளுகளச் சொல்லணுமா! அவ ஒரு துண்டு தொடல. மறுநாக் காலையில பாறையில தூண்டியோட நின்னா.

இதுக்கிடையில பூதத்தான் கொழும்புக்குப் பொழைக்கப் போயிருந்தான். ரெண்டு வருசம் கழிச்சு ஊருக்கு வந்தான். வந்தவன் வீட்டுக்குப் போகல, மூட்டையோட நேரா பாறைக்குப் போனான். அவனை ஏறிட்டுப் பாத்ததுமே அவளுக்குப் பிடிபட்டுருச்சு.

"என்ன தம்பி, அவுகளப் பாத்தியோ?"

"அவுக மாதிரி ஒருத்தரப் பாத்தேன், மயினி. கடை வச்சிருக்காரு."

"அவுக இடது காலு சுண்டுவிரலை மம்பட்டி வெட்டிருச்சு, விரலு கெடையாது. நீ பாத்த ஆளுக்கு?"

பூதத்தான் அவளப் பாத்தான். குட்டைமுடி. கயிறு அறுத்த தழும்பு. மடியில பாதி கட்டுன மயிரு. தண்ணியப் பாத்தான்.

"விரலு இருந்துச்சு, மயினி. அஞ்சும் இருந்துச்சு. அது வேற ஆளு."

"நெனச்சேன்"னு சொல்லிட்டு அவ நூலச் சுத்த ஆரம்பிச்சுட்டாளாம்.

அவன் வீட்டுக்குப் போயி பெண்டாட்டிகிட்ட உள்ளதைச் சொன்னான். விரலு இல்ல. ஒய்யவந்தானுக்கு அங்க வேற பெண்டாட்டி இருக்கா, ரெண்டு பிள்ளை இருக்கு. பூதத்தான் பெண்டாட்டி கெணத்தடியில சொன்னா. விடியுததுக்குள்ள ஊருக்கே தெரியும். எங்க ஊரு வாயி உங்களுக்குத் தெரியும்லா? ஒரு வீட்டுல தும்முனா மறு வீட்டுல வைத்தியம் சொல்லுவாக. அந்த ஊரு, அந்த ஒரு சேதிய மட்டும் அவ காதுக்குக் கொண்டுபோகல. பன்னெண்டு வருசம், பச்சப்பிள்ளை முதக்கொண்டு வாயத் தொறக்கல.

அதோட விடல. அந்தக் கசத்துல எவன் மீனு பிடிச்சாலும் பாறைக்குக் கொண்டாந்து, அவ கண்ணு முன்னால வகுந்து, உள்ள காட்டி, "இதுலயும் இல்ல, அணஞ்சி"ன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அவ எட்டிப் பாப்பா. "சரிப்பா, போயிட்டு வா"ம்பா. அன்னைக்கு முழுக்க அவகிட்ட ஒரு மனுசன் பேசுன பேச்சு அது ஒண்ணாத்தான் இருக்கும். அதுக்காகவே ரெண்டு பேரு விரல் நீளக் கெண்டையப் பிடிச்சு வகுந்து காட்டுவாகளாம்.

ஒரு மாசி மாசம், அவ பாறையில சாஞ்சு உக்காந்தபடிக்கே போயிட்டா. கயிறு கையில சுத்தி இருந்துச்சு, தாலி கழுத்துல. சுமங்கலியாக் கொண்டுபோகவா, தாலி அறுத்தவளாக் கொண்டுபோகவான்னு ஆம்பளைக முழிச்சுக்கிட்டு நின்னாக. பூதத்தான் பெண்டாட்டி வீட்டுக்கு ஓடி, மஞ்சளும் குங்குமமும் கொண்டாந்து அவ மொகத்துல பூசி, தலை நெறையப் பூ வச்சா. ஏன்னு ஒருத்தியும் கேக்கல. புருசன் உசிரோட இருக்கவளுக்கு வேற எப்படிச் செய்ய?

அன்னையில இருந்து அது அணஞ்சிக்கசம். அந்தப் பாறை வகுந்தபாறை. அதுல உசிருள்ள இரையப் போட மாட்டோம், மயிருத் தூண்டிதான். வெள்ளாட்டு வால் மயிரு, செகப்பு நூலு நாலு சுத்து. எவ்வளவு சின்ன மீனு விழுந்தாலும் பாறையில வச்சு வகுந்து, உள்ள நல்லாப் பாத்துட்டு, தண்ணியப் பாத்துச் சத்தமாச் சொல்லணும்: "இதுலயும் இல்ல, அணஞ்சி." வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான். பன்னெண்டு வருசமா எங்க ஊரு அவகிட்டப் பொய் கலக்காமச் சொன்னது அது ஒண்ணுதான்.