நாலாவது எலுமிச்சம்பழம்

கொமிசேர் ஐயா, உங்கள் போலீஸ் ஜீப் கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டுகிறது, கவனித்தீர்களா? வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. கிளட்சைச் சரியாக வைத்தால் பத்து நிமிஷத்தில் போய்விடும். டிரைவரிடம் சொன்னேன், வாயை மூடிக்கொண்டு வா என்றார். சொல்லவேண்டியது என் கடமை.

என் பெயர் கன்னியப்பன். டீசல் மெக்கானிக். வயது முப்பத்தெட்டு. பதினாலு வயதில் மில்லில் எஞ்சின் ரூமுக்கு எண்ணெய் விடப் போனேன். அந்த எஞ்சின் நாளெல்லாம் ஓடும், ஓர் அடி நகராது. அதன் பக்கத்தில் பதினாறு வருஷம் நின்றேன். தெற்கே தவளக்குப்பம், வடக்கே காலாப்பட்டு, அதைத் தாண்டி என் கால் பட்டதில்லை. பிரெஞ்சுக்காரன் போய் எல்லைச் சாவடிகளை எடுத்த அன்று ஊரே தெருவுக்கு வந்தது. நான் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்றா சொன்னேன்? என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. படுத்தாலும் கால் தானாக ஆடும். இதோ, இப்போதும் ஆடுகிறது. பயத்தால் இல்லை.

பலராமன் ஐயாவை உங்களுக்கே தெரிந்திருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக சைகோன் வரை போய்ப் பென்ஷனோடு திரும்பியவர். ஊரைக் காலி செய்த ஒரு துரையிடமிருந்து அந்த டீசல் லாரியை வாங்கினார். பின்பக்கம் முழுக்க வீடு. ரெண்டு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. குருசுக்குப்பத்தில் அவர் வீட்டை ஒட்டி, பூவரச மரத்தடியில் நின்றது. குப்பத்து ஆட்கள் அதை வூட்டு லாரி என்பார்கள். அவருக்கும் செல்வாம்பாள் அம்மாளுக்கும் பிள்ளை கிடையாது. வண்டியிலேயே சமைத்துத் தூங்கி காசி வரை போய்வர வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் ஆசை.

முதல் நாளே சொன்னார். "ஒங் கைதான்டா இந்த வண்டிக்கு ராசி. காசிக்குப் போறப்ப நீதான் டிரைவரு."

ரெண்டு வருஷம் அந்த வார்த்தையில்தான் காலத்தை ஓட்டினேன். கடல் காற்று இரும்பை விடாது, ஐயா. வாரம் தவறாமல் போய் எஞ்சினை ஓட்டி வைப்பேன், டீசல் டாங்கில் சேர்ந்த தண்ணீரை இறக்குவேன், வில்பட்டைகளுக்குக் கிரீஸ் வைப்பேன். கூலி கொடுத்தால் வாங்குவேன், கேட்டதில்லை. வடக்கே குளிராமே என்று ஒரு கம்பளி வாங்கினேன். சித்திரை வெயிலில் கம்பளி கேட்டு வந்தவனைப் பார்த்துக் கடைக்காரன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

என்னிடம் ஒரு குறை உண்டு. வேலையை ஒளித்துவைக்கத் தெரியாது. நான் குனிந்தால் அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்பார், நான் சொல்லித்தருவேன். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் கொஞ்சம் ஓடி நின்றுவிடும். பில்டர் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் நுரை வரும். நுரை போய் எண்ணெய் மட்டும் வரும்வரை அடிக்க வேண்டும். நுரை ஓயவே இல்லையென்றால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லித்தந்தேன்.

போன ஆடியில் கூப்பிட்டார். "ரெண்டு கட்டில்தானே இருக்கு கன்னியப்பா. ஒரு ஆம்பளைய உள்ள வெச்சிக்கிட்டு அவ எப்படிப் பொழங்குவா? ரிப்பேருதான் எனக்கே தெரியுதே. நான் பாத்துக்கறேன்."

"நான் கூரமேல படுத்துக்கறேங்க."

"மழ வந்தா? சவா, சவா" என்று தோளில் தட்டினார். எதற்கும் அவருக்கு அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான். எல்லாம் சரியாய்ப் போகும் என்பது போல.

நியாயமான பேச்சுதான். நான் கோபப்படவில்லை. ஆனால் தெரியாத ஊரில் வண்டி நின்றால் அவரால் சமாளிக்க முடியுமா என்று பார்க்கவேண்டியது என் பொறுப்பு இல்லையா? பரீட்சை வைத்தேன். டாங்குக்குள் குழாய் வாயில் ஒரு துணியைச் செருகினேன். அரை நாள் திணறிவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த வாரம் பேட்டரிக் கம்பியின் பிடியில் மெழுகு தடவினேன். அதற்கும் நான்தான் போனேன். மூன்றாவதாக, டாங்கிலிருந்து வரும் குழாயில் ஒரு நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். அனுபவப்பட்டவர்களே ஏமாறுகிற பழுது. கை முழுக்க எண்ணெயோடு, நான் வேலை செய்யும் ஒர்க் ஷாப்புக்கே ஓடிவந்தார். "கண்டுபுடிச்சிட்டேன்டா, அந்த நட்டுதான்." சின்னப் பிள்ளை மாதிரி முகம்.

அன்று மட்டும் அவர் தோற்றிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பார். அதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

புறப்பட்ட நாள் உங்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணி, நல்ல நேரம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்புவது எல்லா வண்டிக்கும் உள்ள வழக்கம். பழத்தைச் சொந்தக்காரர் கையால் வைக்க வேண்டும் என்பார் அவர். முதல் உருட்டு மட்டும் ராசியான என் கையால் உருட்ட வேண்டுமாம். அதன் பிறகு நான் இறங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பழம் வைத்ததும் வண்டிப் பலகையில் அவர் ஒரு தட்டுத் தட்டுவார். நாலாவது தட்டு கேட்ட பிறகு நகர்த்த வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாள் உள்ளே சமையல் ஏனங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

முன்பக்கம் ரெண்டு தட்டு. பின்னால் வலப்பக்கம் ஒன்று. கண்ணாடியில் பார்த்தேன். இடது பின்சக்கரத்துக்கு முன்னால் அவர் குனிந்திருந்தார், கால் ரெண்டும் வெளியே தெரிந்தது. உள்ளே ஏதோ ஏனம் உருண்டது. நான் கிளட்சை விட்டேன். மெதுவாகத்தான் விட்டேன், வண்டி வெட்டவில்லை.

ஏனம் உருண்டதை நாலாவது தட்டு என்று நினைத்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவர் கையைப் பிரித்து நசுங்காத பழத்தை எடுத்தபோது அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "என் கைதானே ஏனத்தத் தட்டிவுட்டுச்சி. நான்தானே கொன்னுட்டேன்." தினமும் இதே அழுகை. சோறும் இறங்கவில்லை. நானும் தினமும் போய், உங்கமேல தப்பில்லம்மா என்று ஆறுதல் சொன்னேன். என்னை மாதிரி யாரும் சொல்லவில்லை.

அம்மாளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அஸ்தியைக் காசியில் கரைக்க வேண்டும். துணைக்கு அம்மாளின் அக்காள் தனக்கொடி வருவார், நான் கூரைமேல் படுத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் கிளட்சை விடும் முன்பே யோசித்திருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்று நாற்பத்தோராம் நாள், அஸ்தியோடு காசிக்குக் கிளம்பும் நாள். கம்பளியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாளே பழம் வைத்தார். ஒரு தட்டு, ரெண்டு, மூன்று. பிறகு உள்ளே பித்தளைக் குண்டான் ஒன்று உருண்டது. நான் கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் காத்திருந்தேன். நாலாவது தட்டு வரவேயில்லை. அம்மாள் ஜன்னலோரம் வந்து நின்றார், கையில் ஒரு பழம்.

"ஏன் கன்னியப்பா நகத்தல?"

"இன்னும் ஒண்ணு இருக்கேம்மா."

"உள்ள சத்தம் கேட்டுச்சே."

"அது ஏனம் உருண்ட சத்தம்மா. தட்டு இல்ல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இருபத்துநாலு வருஷம் எஞ்சின் சத்தத்தில் வாழ்ந்தவனுக்கு, ஏனத்துக்கும் பலகைக்கும் வித்தியாசம் தெரியாது என்று யார் சொன்னாலும் ரோஷம் வரத்தானே செய்யும். அக்காளை உள்ளே உட்காரவைத்து, குண்டானை உருட்டச் சொன்னதே அம்மாள்தானாம். அவரும் எனக்குப் பரீட்சை வைத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. அந்தப் பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்பது நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக, "அப்போ நானில்ல" என்று மட்டும் சொன்னார். குப்பத்து ஆட்கள் வண்டியைச் சுற்றி வந்து நின்றார்கள்.

ஆமாம், ஐயா. மூன்று தட்டுதான் என்று தெரிந்தே நகர்த்தினேன். கையெழுத்துப் போடுகிறேன். தண்டனை என்ன கொடுத்தாலும் சரி. எத்தனை வருஷம் ஆனாலும் நான் வாய் திறந்து குறை சொல்லமாட்டேன். ஆனால் ஏட்டையா சொன்னார், இதே ஊர் ஜெயில்தான், இங்கிருந்து நாலு தெரு தள்ளி என்று. கடலூர் இல்லையா, வேலூர் இல்லையா? கம்பளிகூட வைத்திருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், ஐயா. இவ்வளவும் செய்த பிறகு என்னை இந்த ஊரிலேயே வைப்பது ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை.